மூன்றாம் நாள் பொட்டலம்

எங்கள் உரக்கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். போன் அடித்தது. என் கணவரின் அண்ணன், அத்தான் பேசினார். "மேரி எழுந்திருக்கவே இல்லம்மா. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு" என்றார். வாசலில் உரம் வாங்க நின்றவர்களை அனுப்பிவிட்டு ஷட்டரை மறுபடி இறக்கினேன்.

அத்தானின் மனைவி ஆரோக்கியமேரி அக்கா எனக்கு மூத்த ஓர்ப்படி. திருத்துறைப்பூண்டியில் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டிலும் அந்தக் கை மாறவில்லை. மிளகுத்தூளைக்கூடப் பொட்டலம் மடித்து, என்றைக்கு, எவ்வளவு என்று மேலே எழுதிவிடுவார். கறாரானவர் என்பார்கள், உண்மைதான். என் சமையலறை டப்பாக்களை முகர்ந்து பார்த்துக் குறை சொல்லாமல் அவர் ஒருநாளும் திரும்பியதில்லை.

கிறிஸ்துமஸுக்குக் குடும்பம் முழுவதற்கும் ஒயின் போடுவது அவர் பொறுப்பு. நவம்பரில் பன்னீர் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, பீங்கான் ஜாடியில் ஊற்றி, அதன் வாயில் துணியால் வேடு கட்டுவார். நான் மருமகளாக வந்த இரண்டாம் வருடம், எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். ஜாடியில் நுரை பாதியிலேயே அடங்கி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஈஸ்டுக்குத் தீனி பற்றவில்லை, டி.ஏ.பி. போடலாம் என்று எங்கோ படித்தேன். டி.ஏ.பி. தானே, எங்கள் கடையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறதே! யாரிடமும் கேட்காமல் ஒரு கரண்டி உரத்தைப் போட்டுக் கலக்கினேன். மறுநாள் நுரை பொங்கியது. மாமியார் முதல் எல்லோரும் அக்காவைப் பாராட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவின் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டேன்.

அவர் முகம் வெளிறிப்போயிற்று. "சாப்பாட்டுக்குன்னு சுத்தம் பண்ணினது வேற, வயலுக்குப் போடுறது வேற. அதுல என்னென்ன கிடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? இதைக் குடிக்கப்போறது எத்தனை பேரு?" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. இருவருமாக ஜாடியைக் கொல்லைக்குத் தூக்கிப்போய்க் கவிழ்த்தோம். மாமியார் கேட்டபோது, "என் கவனக்கொறைவு அத்தை, புளிச்சுப்போச்சு" என்றார்.

அதன்பின் ஒவ்வொரு டிசம்பரிலும் "இந்தத் தடவை ஒயினா, வினிகரா?" என்று அத்தான் சீண்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை, உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "உரக்கடைக்காரி நீ. இது வெளிய போனா கடைக்கு எவன் வருவான்? நாலு பேரு சிரிச்சா நான் என்ன கொறஞ்சா போயிடுவேன்? சும்மா இரு" என்றார். நானும் கோழையாகச் சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு ஈஸ்டுக்கு அவரே தீனி கண்டுபிடித்தார். ரொட்டிக்குப் போடும் ஈஸ்டில் கொஞ்சத்தைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் ஜாடியில் ஊற்றுவார். "செத்தது, உசிரோட இருக்கிறதுக்குச் சாப்பாடு. ஒரேயடியா கொட்டக்கூடாது. மொத நாள் பாதி, மூணாம் நாள் பாதி" என்பார்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது அவர் சமையலறை மூலையில் இந்த வருட ஜாடி நின்றது. இறப்பதற்கு முதல் நாள் போட்டது. பக்கத்தில் ஒரு பொட்டலம். மேலே அவர் கையெழுத்தில், 'மூன்றாம் நாள். கொதிக்கவைத்து, ஆறியபின்.' அன்றுதான் மூன்றாம் நாள்.

அத்தான் எட்டிப் பார்த்தார். "அதைக் கொட்டிடும்மா. பாத்துக்க ஆளில்ல."

அக்காவின் ஜாடியை இன்னொரு முறை கொட்ட என்னால் முடியாது. உறவினர் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, அந்தப் பழைய ஜாடியைக் கெடுத்தது நான்தான் என்று சொல்லி அழுதேன். எதைப் போட்டேன் என்பதையும் சொன்னேன். "இத்தனை வருஷம் அவளைக் கிண்டல் பண்ணினேனே. ஒரு வார்த்தை சொல்லலியே அவ" என்றார் அத்தான். பிறகு அவரே எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.

கொதிக்கவைத்து, ஆறும்வரை காத்திருந்து ஊற்றினோம். வேடு கட்டும்முன் ஜாடியில் காது வைத்துக் கேட்டேன். உள்ளே பொரிகிற மாதிரி சின்னச் சத்தம் கேட்டது.

அக்கா, ஜாடி பசியாறிவிட்டது. பொட்டலக் காகிதத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு யாரும் உங்களைப் பார்த்து வினிகரா என்று கேட்கமாட்டார்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள்.