பூஜ்யத்துக்கு வராத முள்

தராசுக்காரர் என்றால் சந்தைப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். கடைத் தராசுகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஆனால் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்காமல் ஒரு தட்டிலும் அவர் எடைக்கல் வைத்ததில்லை. வாய்ச்சொல்லை நம்பமாட்டார். முள் சொன்னால்தான் சொன்னது.

தம்பி மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன். "என் தம்பி ஏறினா கம்பத்துக்கே தெரியாது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார். அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, அண்ணனின் எலும்பு மஜ்ஜை அச்சாகப் பொருந்தியபோது பெருமை இன்னும் கூடிப்போனது. மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகப்போகிறது. இப்போது அவன் உடம்பில் ஓடுவது நம்ம சரக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மூச்சின் வேகத்தை அளக்க ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் மூச்சைத் திரட்டி ஊத வேண்டும். சிவப்பு முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும்; தானாகத் திரும்பாது. எண் இறங்கினால் உடனே வரவேண்டும். தம்பி ஊதியதும், சவரம் செய்துகொண்டிருக்கும் அண்ணன் நுரை முகத்தோடு வந்து, கண்ணால் பார்த்துத்தான் நோட்டில் எழுதுவார். நானூற்றுப் பத்து. மறுநாளும் அதே. ஐந்து வாரமாக ஒரு கோடுகூட அசையவில்லை. அசையாத முள்ளைப் பார்த்தால் அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

மாடிப்படியில் பாதி ஏறியதும் தம்பி குனிந்து செருப்பைச் சரிசெய்துகொள்வான். அவர் அதைக் கவனித்தும் நோட்டைத்தான் நம்பினார். அவர் மனைவிதான் ஒருநாள் கேட்டாள்: "புதுச் செருப்புங்க அது. தினம் அதே படியில என்ன கழண்டுக்குது?"

மறுநாள் சவரத்தைத் தள்ளிப்போட்டு, தம்பிக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். அவன் குழாயை எடுத்தான். ஊதுவதற்கு முன்பே முள் நானூற்றுப் பத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் அதை வாங்கி, முள்ளை விரலால் பூஜ்யத்துக்குத் தள்ளிக் கொடுத்தார். தம்பி ஊதினான். இருநூற்று முப்பது.

"எத்தனை நாளா முள்ளைத் தள்ளல?"

"அஞ்சு வாரம் இருக்கும்ணே. மொத நாள் மறந்துதான் போச்சு. நீ எழுதிட்டு, நம்ம சரக்குடான்னு சிரிச்ச. அப்புறம் தள்ள மனசு வரல."

அவர் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவனை அழைத்துப் போனார்.

டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினார். நுரையீரலின் சின்னக் குழாய்கள் தழும்பேறி அடைபட்டு வருகின்றன. அண்ணன் கொடுத்த அணுக்கள் தம்பியின் நுரையீரலை அந்நியமென்று நினைத்துத் தாக்குகின்றன. அதற்கு யாரும் பொறுப்பில்லை. இனி இறங்காமல் பிடித்து நிறுத்த மருந்து தரலாம். போனது பெரும்பாலும் திரும்பாது. முன்பே வந்திருந்தால் என்று அண்ணன் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா.

அறை மூலையில் எடை பார்க்கும் மிஷின் ஒன்று இருந்தது. அதன் முள் பூஜ்யத்துக்கு இரண்டு கோடு தள்ளி நின்றது. தராசுக்காரர் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்த் திருகிச் சரிசெய்யவில்லை.

மருந்து ஆரம்பித்தது. தம்பிக்கு ஆபீசில் புகார் போன் எடுக்கிற நாற்காலி கொடுத்தார்கள். காலையில் முள்ளைத் தள்ளுவது இப்போது அண்ணன் வேலை. நோட்டில் அந்த ஐந்து வாரத்தை அவர் அடிக்கவில்லை. அடுத்த வரியில் இருநூற்று முப்பது என்று எழுதித் தொடர்ந்தார்.

"உன் சரக்கு ரொம்பக் கண்டிப்புண்ணே" என்றான் தம்பி, ஊதி முடித்து மூச்சு வாங்க. "வீட்டுக்காரனையே வெளியாளுங்குது."

அவர் குழாயை வாங்கி முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளினார்.

"இன்னொரு தடவை ஊது" என்றார்.