ஷட்டர் இறங்கிய வெள்ளிக்கிழமை

எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் போய்விடும், புத்தி பின்னால் ஓடி வரும். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்குப் பெரிய சார் டி.சி. எழுதி வைத்துவிட்டார் என்று தெரிந்ததும் நேராக அவர் அறைக்குப் போய், "அந்தப் பொண்ணு இன்னா சார் தப்புப் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் தலைமை ஆசிரியரைத்தான் எல்லோரும் பெரிய சார் என்போம். அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, மற்ற பிள்ளைகளுக்கும் தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

எங்கள் பள்ளிக்கூடம் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்தது. நான் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள். வேலைக்குச் சேர்ந்து, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் ஓடாது. ஓடினாலும் ஊர் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அந்தக் கலவரத்தில் யாரோ வைத்த தீயில் வேறொரு ஊரில் ஒரு வரிசைக் குடிசைகள் எரிந்தன. அவற்றில் ஒன்று அந்தப் பெண்ணின் வீடு. அவளும் அவள் அம்மாவும் பள்ளிக்கூடம் இருந்த ஊரில் மாமன் வீட்டுக்கு வந்து ஒண்டிக்கொண்டார்கள்.

வகுப்பில் அவள் வாசலை ஒட்டித்தான் உட்காருவாள். உள்ளே தள்ளி உட்கார வைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி வாசலில் இருப்பாள். மணி அடித்தாலோ, சத்துணவு ஆயா விறகு பிளந்தாலோ, ஒரே ஓட்டமாய் ஓடிக் கரும்புக் காட்டுக்குள் புகுந்துவிடுவாள். என்ன ஏதென்று தெரியாமல் பாதி வகுப்பு அவள் பின்னால் ஓடும். கரும்புச் சோகை கிழித்து ரத்தத்தோடு வந்த பிள்ளைகளைப் பார்த்து, பெற்றவர்கள் பள்ளிக்கூடத்துக்குச் சண்டைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் டி.சி. திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளும்படி அவள் அம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டது. படிப்பு இல்லையென்றால் தன்னோடு கரும்பு வெட்டக் கூட்டிப் போய்விடுவேன் என்று அந்த அம்மாவும் சொல்லிவிட்டார். ஒருமுறை கரும்பு வெட்டப் போன பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் வந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கள்ளக்குறிச்சியில் பயிற்சி. கலவரத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளை எப்படி நடத்துவது என்று சொல்லித்தர வெளியூரிலிருந்து ஒரு மனநல டாக்டரம்மா வந்திருந்தார். கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி. மணலூர்பேட்டைப் பக்கமிருந்து, அடிவாரத்திலிருந்து, மலை மேலிருந்து என்று ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலேயே, கலவரத்தில் மோதிக்கொண்ட இரண்டு சாதியில் இந்தப் பக்கத்து ஆட்கள் ஜன்னலோரமும் அந்தப் பக்கத்து ஆட்கள் சுவரோரமும் உட்கார்ந்தார்கள். நடுவில் காலி பெஞ்சுகள். எந்தப் பக்கத்திலும் சேராத நான் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா நல்ல மனுஷி. ஆனால் அவர் பேசிய தமிழ் புத்தகத் தமிழ். உள்ளக் காயம் என்றார், ஆழ்மனம் என்றார். பின்பெஞ்சில் கொட்டாவி கிளம்பியது. பெரிய சார் கடைசி பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இவர் காதில் இதெல்லாம் ஏறி, அந்த டி.சி.யைக் கிழித்துப் போட மாட்டாரா என்று நான் அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூடையையும் டிபன் பாக்ஸையும் எடுக்கிற நேரம். கீழே கடைத்தெருவில் தடதடவென்று ஒரு ஷட்டர் இறங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. வரிசையாக.

அந்தக் காலத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். கும்பல் வருகிறது.

மாடி கலகலத்துப் போயிற்று. பாதிப் பேர் கதவைச் சாத்தப் பாய்ந்தார்கள், பாதிப் பேர் கதவைத் திறந்துகொண்டு ஓடப் பாய்ந்தார்கள். கதவு பாவம், இரண்டு பக்கமும் இழுபட்டது. ஒரு பி.டி. வாத்தியார் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டினார். மேசைக்கடியில் இடமில்லாமல் ஜன்னலோரத்து ஆளும் சுவரோரத்து ஆளும் ஒருவர் மடியில் ஒருவர் கிடந்தார்கள். நானும் ஒரு பெஞ்சுக்கடியில் கிடந்தேன். பக்கத்தில் பெரிய சார். சோற்றுத் தூக்கை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கண்களை இறுக்கி மூடியிருந்தார்.

அப்போது ஒரு ஷட்டர் இறங்கிப் பாதியில் நின்றது. ஒரு உதை விழுந்தது. மீதியும் இறங்கியது. எனக்குப் பொறி தட்டியது. அப்படிப் பாதியில் நின்று உதை வாங்கித்தான் இறங்கும் எங்கள் கடை ஷட்டர். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தா அதை மாற்றவே இல்லை. வெள்ளிக்கிழமை! எங்கள் வீட்டு ஆண்களும் அந்த வரிசைக் கடைக்காரர்களும் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகிற நேரம். வாராவாரம் கேட்டு வளர்ந்த சத்தம் அது. அதற்குத்தான் நானும் பயந்து பெஞ்சுக்கடியில் போயிருந்தேன்.

வெளியே தவழ்ந்து வந்து, "ஒண்ணுமில்லிங்க. ஜும்மா தொழுகைக்கு எங்க அத்தா கடைய மூட்றாரு" என்றேன்.

மேசைக்கடியிலிருந்து ஒவ்வொரு தலையாக வெளியே வந்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கதவின் மேலேயே சாய்ந்து சிரித்தார்கள். ஒருவர் செருப்பு இன்னொருவர் காலில் இருந்தது. சிரித்துக்கொண்டிருந்த மணலூர்பேட்டை டீச்சர் ஒருவர் அப்படியே அழ ஆரம்பித்தார். சுவரோரத்து ஆள் ஒருவர் தன் தண்ணீர்ப் பாட்டிலை அவரிடம் நீட்டினார்.

மலையிலிருந்து வந்த சார் மட்டும் அவர் இடத்திலேயே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏன் ஓடவில்லை என்று டாக்டரம்மா கேட்டார். தங்கள் ஊரில் கடையே கிடையாது, ஷட்டர் சத்தத்தை இப்போதுதான் கேட்கிறேன், எல்லோரும் எதற்கு ஓடுகிறார்கள் என்று கேட்கலாமென்றால் ஒருவரும் நிற்கவில்லை என்றார் அவர். மறுபடி சிரிப்பு. ஆனால் டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த தாள்களை மேசையில் போட்டுவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து தரையிலேயே உட்கார்ந்தார். புத்தகத் தமிழ் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அந்தச் சத்தம் கேட்டபோது யார் என்ன செய்திருந்தால் உங்களுக்கு உயிர் வந்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

பேச்சு கொட்டியது. இன்ன சத்தம் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்றார் ஒருவர். கதவு திறந்திருந்தால் போதும், ஓடியே இருக்க மாட்டேன் என்றார் இன்னொருவர். யாராவது கையைப் பிடித்திருக்கலாம் என்று அழுத டீச்சர் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை நாளாக எங்கள் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாத பதில்களை எங்கள் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தோம். எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது.

கடைசியாகப் பெரிய சார் எழுந்தார். தூக்கு இன்னும் கையில் இருந்தது.

"போன வருசம் பஸ்ஸ நிறுத்தி, நீ எந்த ஊரு, எந்த ஆளுன்னு கேட்டாங்க. அன்னிலருந்து எங்க போனாலும் வாசல் எங்க இருக்குதுன்னுதான் பாக்கறேன். காலைல வந்து குந்தினதுலருந்து வாசலத்தான் பாத்துக்கினு இருந்தேம்மா. நீங்க சொன்னது ஒண்ணுமே காதுல ஏறல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் அவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தேன். ஊர் எல்லை வந்தபிறகு, வெளியே பார்த்தபடியே, டி.சி.யைக் கிழித்துவிடலாமா என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! பஸ்ஸிலேயே குதிக்காததுதான் பாக்கி.

திங்கட்கிழமை அந்த அம்மா வந்தபோது பெரிய சார் அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, பிள்ளை எங்களிடமே இருக்கட்டும் என்றார். அவர் நம்பவில்லை. "மறுபடி ஓடுனா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். ஓடினால் நானும் பின்னாலேயே ஓடிப் பிடித்து வருவேன் என்றேன். என் உடம்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். ஆனாலும் அறுவடை முடிகிறவரை வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றுதான் சொல்லிப் போனார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் பொய். மணி அடிப்பதற்கு முன் பெரிய சார் ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் வந்து நின்று, இப்போது மணி அடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போவார். அதில் மணியே தாமதமாயிற்று. கதவு திறந்தே கிடந்ததால் ஆடு உள்ளே வந்து ஒரு பையனின் கணக்கு நோட்டைத் தின்றது. வாசலோர பெஞ்சை அவளுக்குக் கொடுத்ததும் மொத்த வகுப்பும் எங்களுக்கும் வாசல்தான் வேண்டும் என்று அடித்துக்கொண்டது. பிள்ளைகளிடமே கேட்டு முறை வைத்தோம். விறகு பிளக்கும் முன் ஆயா ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரலே கோடாலிச் சத்தத்தைவிடப் பயங்கரமாக இருக்கும். இரண்டு தடவை அவள் கரும்புக்குள் ஓடினாள். இரண்டு தடவையும் நான் மூச்சு வாங்க ஓடினேன். எனக்கு ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போகக் கால் பறந்தது.

அறுவடையின் கடைசி வாரம். பெரிய சார் ஆறாம் வகுப்பில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தார். நான் நோட்டுத் திருத்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். சாலையில் டமாரென்று ஒரு வெடி. சாக்பீஸ் விழுந்தது. பெரிய சார் சுவரோடு ஒட்டி நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் எழுவதற்குள் வாசலோரத்தில் இருந்த அந்தப் பெண் எழுந்துவிட்டாள். ஓடப் போகிறாள் என்று செருப்பை மாட்டினேன். அவள் வாசலுக்கு வெளியே தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, வகுப்பைக் கடந்து, பெரிய சாரின் கையைப் பிடித்தாள்.

"கரும்பு டிராக்டரு டயரு வெடிச்சிச்சி சார். வேற ஒண்ணுமில்ல. குந்துங்க."

பெரிய சார் உட்கார்ந்தார்.