ஜும்மா நேரத்தில் ஓடிய செக்யூரிட்டி

1. வெள்ளிக்கிழமைக் குற்றவாளி

நஸ்ரினுக்கு வேலை போகப்போகிறது என்று ஒரு சனிக்கிழமை காலை, டீ வருவதற்கு முன்பே ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்போது நான், செல்வம், சிஸ்டம் அட்மின். நஸ்ரின் எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் பார்த்துவந்த பெண். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அவள் கம்ப்யூட்டரில்தான்.

எங்கள் புது மாடலைப் போலவே வேறொரு கம்பெனி சாம்பிள் காட்டியிருப்பதாக, எங்களிடம் ஷூ வாங்கும் பையர் சொன்னாராம். ஆம்பூரில் ஒரு ஷூவைப் போல இன்னொரு ஷூ வருவது பெரிய அதிசயம் இல்லை. ஆனாலும் எங்கள் மேனேஜர் இர்ஃபான் சார் முதலாளியின் மருமகன். அவருக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான். என்னிடம் இன்டர்நெட் ரிப்போர்ட் கேட்டார், கொடுத்தேன். நஸ்ரினை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"வெள்ளிக்கிழமையானா உன் சிஸ்டத்துலேர்ந்து டேட்டா ஜாஸ்தி வெளிய போவுது. எங்க போவுது?"

"எனக்குத் தெரியாது சார்."

"நாங்கல்லாம் ஜும்மா தொழுவப் போய்ட்றோம். செல்வம் சாப்பிடப் போய்ட்றான். ஆபீஸ்ல நீ மட்டும்தான் இருக்கே. அப்ப ஜின்னு பூதம் வந்து அனுப்புதா?"

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புக்கொண்டால் மரியாதையாக அனுப்பிவிடுவதாகவும், இல்லையென்றால் மற்ற கம்பெனிகளுக்கும் போன் போகும் என்றும் சொன்னார். எங்கள் ஊரில் ஆபீஸ் வேலை என்றால் தோல் கம்பெனிதான். ஒரு மேனேஜர் நாலு போன் போட்டால் ராணிப்பேட்டை வரைக்கும் கதவு சாத்திக்கொள்ளும்.

2. ரைட் கிளிக்

அந்த வெள்ளிக்கிழமை நான் சாப்பிடப் போகவில்லை. எல்லாரும் தொப்பியோடு கிளம்பியதும், நஸ்ரினை ஆபீஸின் அந்தக் கோடியில் போய் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு, மவுஸைத் தொடாமல் கை கட்டி உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் நெட்வொர்க் கோடு கிடுகிடுவென்று ஏறியது.

"அண்ணா, நான் ஒண்ணும் பண்லண்ணா!" அங்கிருந்தே கத்தினாள், கையில் சோற்றோடு.

அனுப்பிக்கொண்டிருந்தது 'செக்யூரிட்டி சர்வீஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு புரோகிராம். கேடயப் படம் வேறு. பெயரைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கவனிக்கவும். பெயரும் படமும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ரைட் கிளிக் செய்து அதன் ஃபைல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் வாங்கிய ஆன்டிவைரஸ், 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் கௌரவமாகக் குடியிருந்தது. இதுவோ தற்காலிக ஃபைல்கள் கிடக்கும் டெம்ப் ஃபோல்டரில் பதுங்கியிருந்தது. பிராபர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் இருக்கிறதா பாருங்கள். கையெழுத்து இல்லாததெல்லாம் கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் காவல் காக்க வந்தவன் தன்னைத் தயாரித்த கம்பெனி பெயரைச் சொல்லாமல் நின்றால் விடக்கூடாது. கடைசியாக, பல ஆன்டிவைரஸ்களை வைத்து ஒரே நேரத்தில் சோதிக்கும் வெப்சைட்டில் அதைப் போட்டேன். பக்கம் முழுக்கச் சிவப்பு.

அப்படியானால் எங்கள் ஆன்டிவைரஸ் ஏன் வாய் திறக்கவில்லை? அதன் செட்டிங்கைத் திறந்தேன். அந்த ஃபோல்டரைப் பார்க்காதே என்று யாரோ அதற்கு உத்தரவு போட்டிருந்தார்கள். உத்தரவு போட அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது தெரிந்தவர்கள் நானும் இர்ஃபான் சாரும்தான்.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு அவருக்காகக் காத்திருந்தேன்.

3. வேவு பார்க்க வந்தது

தொழுகை முடிந்து வந்தவர் ஸ்கிரீனைப் பார்த்ததும் பதறினார்.

"அதத் தொடாதப்பா! அது நான்தான் போட்டேன்."

"எதுக்கு சார்?"

"ஸ்டாஃப் வேலை செய்றாங்களா, வெட்டியா ஒக்காந்துனு இருக்காங்களான்னு பாக்கத்தான். அப்பப்ப ஸ்கிரீன போட்டோ புடிச்சு வெச்சுக்கும். நெட்ல ஃப்ரீயா கெடச்சுது, மொதல்ல இந்த ஒரு சிஸ்டத்துல போட்டுப் பாத்தேன்."

"ஆன்டிவைரஸ ஏன் சார் கட்டிப் போட்டீங்க?"

"அதுலயே எழுதியிருந்துச்சுப்பா, ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டுப் போடுங்கன்னு."

இர்ஃபான் சார் தோல் வாங்கும்போது பார்க்க வேண்டும். ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரித்து, புரட்டி, பின்பக்கம் தடவிப் பார்ப்பார். ஒரு உண்ணிக்கடித் தழும்பு இருந்தால் போதும், தள்ளிவிடுவார். அவரை ஏமாற்றிய தோல் வியாபாரி வாணியம்பாடியிலும் இல்லை. அப்பேர்ப்பட்டவர் இதைப் புரட்டிப் பார்க்கவே இல்லை.

"சார், அது போட்டோ புடிச்சு உங்களுக்கு மட்டும் வெச்சுக்கல. ஆளு இல்லாத நேரமாப் பாத்து எவனுக்கோ அனுப்புது. இந்த சிஸ்டம் பகல்ல ரொம்ப நேரம் சும்மா இருக்கறது, நஸ்ரின் நிதானமா சாப்பிடற ஜும்மா நேரத்துலதான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "மாடலும் இதாலதான் போச்சாப்பா?" என்றார். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

"சரி, சரி. அந்தப் பொண்ண வேலையப் பாக்கச் சொல்லு."

ஒரு புரோகிராமைத் திருடன் என்று சொல்வதற்கு முன் நான் அத்தனை சோதனை செய்தேன். நஸ்ரினைச் சொல்வதற்கு முன் இங்கே ஒருவரும் ஒரு சோதனையும் செய்யவில்லை. இத்தனை வருஷ வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: எதையும் திறந்து பார்த்துவிட்டுப் பேசு.

அவர் சொன்னதை நஸ்ரினிடம் சொன்னேன். அவள் சீட்டில் உட்காரவில்லை. நேராக அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"எல்லார் எதிர்லயும் கேட்டீங்க சார். இதையும் எல்லார் எதிர்லயும் சொல்லுங்க."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, மெதுவாக உருதுவில் "மாஃப் கரோ" என்று மன்னிப்புக் கேட்டார்.

"தமிழ்லயும் சொல்லுங்க சார். பேக்கிங்ல இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."

இர்ஃபான் சார் என்னைப் பார்த்தார். நான் பிடுங்கிய கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பேக்கிங் பக்கத்துக் கதவை அவரே திறந்து வைத்துவிட்டு, சத்தமாகச் சொன்னார்.