மாவு மில்லில் இறங்கிய பெட்டி

எங்கள் சந்துக்கு வரும் பார்சல் எதைப் பிரித்தாலும் முதலில் தும்மல்தான் வரும். செருப்போ, புத்தகமோ, குக்கர் மூடியோ, அட்டைப்பெட்டியின் மேல் மிளகாய்த்தூள் ஒரு பூச்சுப் பூசியிருக்கும். சிதம்பரம் மேலவீதியிலிருந்து பிரியும் எங்கள் சந்தின் முனையில் ஒரு மாவு மில் இருக்கிறது. சந்துக்கு வரும் பார்சல்கள் எல்லாம் அங்கேதான் இறங்குகின்றன.

முன்பு அப்படி இல்லை. பார்சல் கொண்டுவருகிறவர் வீதியில் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாளைத் தொலைப்பார். ஒரு பக்கம் பூக்கடைகள், ஒரு பக்கம் கோயிலுக்கு வந்த வேன்கள், மிச்சம் இருக்கும் இடத்தில் ஆட்டோக்கள். சந்துக்குள் நுழைந்தாலோ எதிரே ஒரு பைக் வந்துவிடும். இரண்டு பேரில் ஒருவர் பின்னால் போக வேண்டும். ஒருவரும் போக மாட்டார். எப்படியோ அவர் வந்து சேரும் நேரத்தில் நான் கடலூரில், மஞ்சக்குப்பம் ஆபீசில் இருப்பேன். கணவர் நெய்வேலியில் ஷிப்டில் இருப்பார். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். பூட்டிய கதவைப் போட்டோ எடுத்துக்கொண்டு அவர் திரும்பிப் போவார். மறுநாளும் இதே கூத்துதான்.

கடைசியில் பார்சல் கம்பெனிக்கு எப்படியோ புத்தி வந்தது. பகுதிக்கு ஒரு கடையைப் பிடித்து மொத்தப் பார்சலையும் அங்கே இறக்கிவிடுவது, அவரவர் வந்து எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்தார்கள். எங்கள் பக்கத்துக்கு மாவு மில். அதை நடத்தும் அக்காவுக்கு மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும் குரல். அரைத்த மாவை எடுக்க ஆள் வராவிட்டால், அந்தப் பக்கம் போகிற யாரையாவது நிறுத்தி, “போற வழிதான, குடுத்துட்டுப் போ” என்று மாவுத் தூக்குவாளியைக் கையில் திணித்துவிடுவார். அது அந்த மில்லில் வெகுநாள் வழக்கம். பார்சலுக்கும் அதே சட்டம்தான் என்று ஆகிவிட்டது. நான் பஸ்ஸில் இருந்தபடி, போனுக்கு வந்த ஓ.டி.பி. நம்பரைப் பார்சல்காரரிடம் சொன்னால் போதும். வீட்டுக்கு வருவதற்குள் பெட்டி பக்கத்து வீட்டில் காத்திருக்கும்.

எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஆபீசில் ஒருத்தி தன் பார்சல் வண்டி லாரன்ஸ் ரோடு நெரிசலில் மாட்டிக்கொண்டு தினமும் திரும்பிப் போகிறது என்று புலம்பியபோது, தெருவுக்கு ஒரு மாவு மில் வைக்கச் சொல்லுங்கள் என்று ஊருக்கே உபதேசம் செய்தேன்.

இனிச் சொல்வது நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது. போன வருஷம் புற்றுநோய் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றோம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு வந்தால் பெண்ணுக்கும் வரும் என்று கல்யாண வீடுகளில் பேசுவதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு இடம் அமைந்தது. கோயிலில் வைத்துப் பெண் பார்த்ததில் பையனுக்கும் மகளுக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் பையனின் அம்மா, “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், அப்புறம் மூச்சே விடவில்லை. “அவுங்ககிட்ட சொல்லிடலாம்மா” என்றாள் மகள். வாயை மூடு என்றேன். நிச்சயம் ஆகட்டும், பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன் என்பது என் கணக்கு.

ஜாக்கெட்டுக்குள் பஞ்சை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் அது தோள்பட்டை வரைக்கும் ஏறிவிடும். வெறுத்துப்போய், சென்னையில் ஒரு கடையில் சிலிக்கோனில் செய்த செயற்கை மார்பு ஒன்று அனுப்பச் சொன்னேன். பெட்டியின் மேல் எதுவும் எழுதாதீர்கள் என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னேன். கவலையே படாதீங்க மேடம் என்றார் கடைக்காரர்.

பார்சல்காரர் கூப்பிட்டபோது ஆபீசில் இருந்தேன். நம்பரைச் சொன்னேன். “மில்லுல வெச்சிடறேன் மேடம்” என்றார். பெட்டியை அக்கா யார் தலையிலாவது கட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பர்மிஷன் போட்டுவிட்டு ஓடிவந்து பஸ் பிடித்தேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர் ஊராக நின்று வந்தது அந்த பஸ். சந்து முனைக்கு வந்து பார்த்தால் கரண்ட் இல்லை. மில்லின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அக்காவைக் காணோம். வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டு வாசலில் அறிமுகமில்லாத செருப்பு. உள்ளே, காலை ஷிப்ட் முடிந்து வந்திருந்த கணவர் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியில் பையனின் அம்மா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கோயிலுக்கு வந்தேன். அப்பிடியே உங்களையும் பாத்துட்டுப் போலாம்னுதான்” என்றார். பிறகு மடியில் முந்தானைக்குள் வைத்திருந்த எதையோ எடுத்து என்னிடம் நீட்டினார். “இந்தாங்க. மில்லுல குடுத்தாங்க.”

என் பெட்டி. அதன் மேல் போஸ்டர் எழுத்தைப் போலக் கொட்டை கொட்டையாக, கறுப்பு மையில், உள்ளே இருப்பது என்ன, எந்தப் பக்கத்துக்கு, என்ன அளவு என்பதுவரை ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கடைக்காரப் பாவி! வந்திருப்பவரோ ரிட்டயரான ஸ்கூல் டீச்சர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளக்கூட வழியில்லை.

பெட்டியை உள்ளே கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பூட்டி என்ன பிரயோஜனம்! அடுப்படியில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கணவர்தான் வந்து அணைத்தார். காபியைக் கொண்டுவந்து வைத்தேன். அந்த அம்மாள் வெயிலைப் பற்றிப் பேசினார், கோயில் கூட்டத்தைப் பற்றிப் பேசினார், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததைப் பற்றிப் பேசினார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெட்டியைப் பற்றியும் இல்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று என்னை ஒரு தரம் பார்த்தார். “உடம்பப் பாத்துக்குங்க” என்றார். எங்கள் பக்கத்தில் விடைபெறும்போது எல்லாரும் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். எனக்கு அது கதவைச் சாத்துகிற சத்தமாகக் கேட்டது.

“என்னா சொன்னாங்க?” என்றார் கணவர்.

“எல்லாம் போச்சு” என்றேன். உட்கார்ந்து அழுதேன். மகளிடம் என்ன சொல்வேன், எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன் என்று நினைக்க நினைக்க அழுகை போய் ஆத்திரம் வந்தது. யாரென்று கேட்காமல் கண்டவர் கையில் ஒருத்தியின் பெட்டியைக் கொடுத்தனுப்புவது என்ன வழக்கம்? இது என்ன தூக்குவாளி மாவா? செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கரண்ட் வந்திருந்தது. மில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கத்தினேன். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு என்னை வெளியே அழைத்துவந்தார்.

“யாரு எவருன்னு கேக்காம எம் பொருள குடுத்துடுவீங்களாக்கா?”

“கேக்காம குடுப்பனா நானு?” என்றார் அக்கா, கை மாவைத் தட்டிக்கொண்டே. “அந்தம்மா உங்க வூட்டுக்கு வழி கேக்கத்தான் வந்தாங்க. அவுங்க பெட்டி ஒண்ணு கெடக்குது, அங்கதான போறீங்க, குடுத்துடுங்கன்னேன். எடுத்துப் படிச்சாங்க. படிச்சிட்டு அப்பிடியே பெஞ்சில குந்திட்டாங்க. என்னாம்மா மயக்கமான்னு தண்ணி குடுத்தேன். குடிச்சாங்க. அப்புறம் எழுந்து பெட்டிய முந்தானைக்குள்ள வெச்சு மூடிக்கினாங்க. எனக்கு அப்பத்தான் ரோசன வந்துச்சு. நீங்க அவுங்களுக்கு என்னா வேணும்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“உங்ககிட்ட சொல்லலியா? சம்பந்தின்னாங்க. அப்புறம் குடுக்காம எப்பிடி?”