நல்லாத் தெரியுதுங்க

போன ஞாயிற்றுக்கிழமை போத்தனூரில் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன். சின்னப் பொய்தான்... ஆனால் நாலு நாள் தூக்கம் போனது.

என் கேம் மிஷினைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். உள்ளங்கையில் அடங்குகிற, கேசட் சொருகி ஆடுகிற பழைய ரகம். இதுவரை பதினொரு கேசட் சேர்த்திருக்கிறேன். நான் படித்தது ஐந்தாவது வரை. அதனால் கதை பேசும் ஆட்டமெல்லாம் வாங்குவதில்லை. கட்டை அடுக்குவது, தவளை தாண்டுவது, அவ்வளவுதான். ஜப்பான் எழுத்துப் போட்ட கேசட்டை மற்றவர்கள் ஒதுக்குவார்கள். எனக்கென்ன? இங்கிலீஷும் ஜப்பானும் ஒன்றுதானே.

சிக்கல் கண்ணில் வந்தது. என் மிஷினின் திரையில் லைட் கிடையாது. வாசல் வெயிலில் சாய்த்துப் பிடித்துத்தான் ஆடுவேன். இந்த வருஷம் அதுவும் மங்கிவிட்டது. லைட் வைத்த மிஷின் கிடைக்காவிட்டால் ஆட்டத்தையே விட வேண்டியதுதான்.

போத்தனூரில் பழைய மிஷின் விற்கும் சுகுமார், மடக்குகிற மாடலில் இரண்டை எடுத்து வைத்தார். மூடி வைத்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"தெரியுதுங்களாம்மா?"

தெரியவில்லை. ஆனால் துடைத்து, சார்ஜ் ஏற்றி, அத்தனை மரியாதையாக நீட்டுகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

"நல்லாத் தெரியுதுங்க" என்றேன். இன்னொன்றைத் திறந்துகூடப் பார்க்காமல் அதையே வாங்கிக்கொண்டு சூலூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

நான் திரையைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ருக்மணி கேட்டாள். "ஏனுங்க்கா, கேம் ஆடறீங்களா, மொகம் பாக்கறீங்களா?"

"மொகந்தான் அம்மணி தெரியுது."

"போயி மாத்திட்டு வாங்க. அவரென்ன கடிச்சா வெப்பாரு?"

வியாழக்கிழமை போனேன். வழியெல்லாம் ஒரே வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"இது தெரியலீங்க."

"அன்னிக்குத் தெரியுதுன்னீங்களேம்மா?"

"பொய் சொல்லிப்போட்டேனுங்க."

சுகுமார் தலையைச் சொறிந்தார். "நீங்க சாச்சுச் சாச்சுப் பாத்தப்பவே எனக்கும் தோணுச்சுங்க. கேட்டாச் சங்கடப்படுவீங்களோன்னு உட்டுட்டேன்."

பார்த்தீர்களா? இரண்டு பேர் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்ததில், உதவாத மிஷின் ஒன்று சூலூர் வரை பஸ்ஸில் போய் வந்திருக்கிறது.

அவர் இன்னொரு மிஷினைத் திறந்தார். "லைட் பட்டன அமுத்துங்க. சுத்தமா அணைஞ்சா முந்தின மாடல், நீங்க கொண்டுபோனது அதுதானுங்க; லைட்டு முன்னால இருந்து மங்கலா அடிக்கும். அணையாம வெளிச்சம் மட்டும் கொறைஞ்சா பிந்தினது. இதுல திரைக்குப் பின்னாலயே லைட்டு இருக்குதுங்க."

அமுக்கினேன். அணையவில்லை. என் கேசட்டைச் சொருகினேன். கட்டைகள் பளிச்சென்று இறங்கின. அவற்றுக்குப் பின்னால் ஒரு மலை... பச்சை மலை. இத்தனை வருஷம் ஆடியும் அப்படி ஒரு மலை அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.

கேசட்டுக்கு ஒரு வருஷம் என்றாலும் இன்னும் பதினொரு வருஷமாவது ஆடலாம் என்று தோன்றியது.

சுகுமாரின் மனைவி காபி கொண்டு வந்தார். "சக்கரை போதுங்களாம்மா?"

"போதலீங்க" என்றேன்.