விரலில் ஒட்டாத சாம்பல்

பொம்மசந்திராவில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் ஃப்ளை ஆஷ் கல் சுவருக்குத் தண்ணீர் அடித்தபோது எழுந்த வாடையில், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் அனல்மின் நிலையக் குவார்ட்டர்ஸ் அப்படியே திரும்பி வந்தது. அங்கே நிலக்கரிச் சாம்பல், முகப்பவுடர்போல மெத்தென்று, முருங்கை இலையிலும் ஜன்னல் கம்பியிலும் எங்கள் புருவத்திலும் படிந்துகொண்டே இருக்கும். இருமல் இல்லாத வீடு கிடையாது. கொடியில் துணி போடுமுன் அம்மா புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து, "காத்து நம்ம பக்கம் திரும்புது, எல்லாத்தையும் உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி போடுங்கடி" என்பாள். பார்வைக்கு வெள்ளைச் சட்டையும் உள்ளே நமைச்சலுமாகப் பள்ளிக்கூடம் போவோம். எதைத் தொட்டாலும் அம்மா விரலைத் திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

அந்தச் சாம்பல்தான் சிமெண்ட்டோடு இறுகி இந்தக் கல்லாகியிருக்கிறது என்றேன். வேலையைப் பார்க்க வந்திருந்த அம்மா நம்பவில்லை. ஈரம் காய்ந்ததும் சுவரில் விரலை அழுத்தி இழுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"ஒட்டலையேடி!"

குடிவந்த மறுநாள் மொட்டை மாடிக்குப் போனேன். என் மகளின் வெள்ளைச் சட்டையை அம்மா காயப்போட்டிருந்தாள். நல்ல பக்கம் வெளியே தெரிய, பொத்தான்கள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.