அக்காவுக்காக இறக்கிய எஞ்சின்

அத்தான் தன் லொறியின் எஞ்சினை இறக்கிய அன்று ஒழுங்கையில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். வேப்பமரத்தின் தடித்த கொப்பில் சங்கிலிக் கப்பியைக் கட்டி, நாலு பேர் பிடித்து இழுக்க, அந்தக் கறுத்த எஞ்சின் எண்ணெய் சொட்டச் சொட்ட மேலே எழும்பி அந்தரத்தில் ஆடிக்கொண்டு நின்றது. சுன்னாகம் சந்தையிலிருந்து கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போய்வந்த லொறி அது. அவருடைய பாதி வயது அதற்குள்தான் கழிந்தது. ஆனாலும் அவர் வெறுங்கூடாய் நின்ற லொறியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சங்கிலியிலேயே கண்ணாக இருந்தார். திரும்பித் திரும்பிப் பார்த்தது நான்தான்.

அத்தான் என்று நான் சொல்வது என் ஒரே அக்காவின் கணவரை. அவர்களுடைய வளவுக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரு வேலி, அதில் ஆள் நுழைந்து போக ஒரு பொட்டு. கல்யாணம் கட்டாமல், பள்ளிக்கூட ரீச்சராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தப் பொட்டுத்தான் வாசல். அக்காவுக்கு நுரையீரல் பழுதாகி இரண்டு வருடமாகியிருந்தது. காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றைக் கனடாவிலிருக்கும் மகன் அனுப்பியிருந்தான். மெஷின் ஓடினால் அக்கா கதைப்பார், கறிக்கு உப்புக் காணாது என்று என்னோடு சண்டை பிடிப்பார். மெஷின் நின்றால் கொஞ்ச நேரத்தில் உதடு நீலம் பாரித்துவிடும்.

அப்போதுதான் நாட்டில் டொலர் இல்லை, எண்ணெய் இல்லை என்று கரண்ட் வெட்டத் தொடங்கினார்கள். காலையில் ஒரு வெட்டு, பின்னேரம் ஒரு வெட்டு. மெஷினுக்குப் பதிலாகப் பூட்டுவதற்கு ஒரு சின்ன ஒட்சிசன் சிலிண்டர் இருந்தது. அது ஒரு மணித்தியாலம் தாங்கும். வெட்டு அதைவிட நீளும். கடைகளில் ஜெனரேற்றர் என்ற பேச்சே இல்லை. லொறி ஓட்டமும் நின்றுபோயிருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான் பாதியில் எழும்பி, கையைக் கழுவிவிட்டு, லொறியின் முன்மூடியைத் திறந்து பார்த்தபடி நின்றார். அவ்வளவுதான் அவர் செய்த ஆலோசனை.

மூன்று கிழமை வேலை. முற்றத்தில் சீமெந்துக் கட்டை போட்டு எஞ்சினை இருத்தினார். மூடிப்போன ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த, மின்சாரம் தரும் பெரிய டைனமோவைத் தேடிக் கொண்டுவந்து, லொறியின் சுழல்தண்டையே வெட்டி இரண்டையும் பொருத்தினார். எஞ்சின் சூட்டைத் தணிக்கப் பெரிய இரும்புப் பரலில் கிணற்றுத் தண்ணீர். வேகத்தைப் பிடித்து வைக்கச் சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று. புகை அக்காவின் பக்கம் வந்துவிடக் கூடாது என்று இரும்புத் தண்ணீர்க் குழாய்களை ஒட்டி, வேலிக்கு அப்பால் வாழைகளுக்குள் கொண்டுபோய்விட்டார். முதல்நாள் அதில் மாட்டிய பல்ப் பளீரென்று எரிந்து வெடித்தது. அதன்பிறகு ஒரு மின்விசிறியை மாட்டி, கதிரை போட்டு அதன் முன்னால் ஒரு முழுப் பகல் குந்தியிருந்தார். விசிறி ஒரே சீராகச் சுற்றியபிறகுதான் அக்காவின் மெஷினுக்கு வயர் இழுத்தார். "உந்தச் சத்தத்திலை மூச்சு வந்தாலும் காது போயிடும்" என்று அக்கா நக்கலடித்தார். அத்தான் சிரித்ததை அன்றுதான் கனகாலத்துக்குப் பிறகு கண்டேன்.

ஆனால் அது லொறி எஞ்சின். ஒரு சின்ன மெஷினை ஓட்டுவதற்கு அது டீசலை வாளி வாளியாகக் குடித்தது. நல்ல காலத்தில் அத்தான் வாங்கி வைத்த இரண்டு பரல் டீசல் கொட்டிலில் இருந்தது. வெளியே டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை. அவர் சிலிண்டர் முடியும் மட்டும் பொறுத்திருந்து, கடைசி நேரத்தில்தான் எஞ்சினைத் தொடுவார்.

இதை வெளியாட்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். தொண்ணூறுகளில், சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த சனம் நாங்கள். சவர்க்காரத்தை நாலாக வெட்டியவர்கள். ஜாம் போத்தல் விளக்குக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு நான் பிள்ளைகளின் கொப்பி திருத்தியிருக்கிறேன். தடை போய் எத்தனையோ வருடமாகியும் எங்கள் வீடுகளில் முழு மெழுகுதிரி எரியாது, புதுத் துவாய் அலுமாரியைவிட்டு வெளியே வராது. இருப்பதை எடுக்க மனம் வராது. இதைவிட மோசமான ஒரு நாள் வரும், அன்றைக்குத் தேவைப்படும் என்று எதையும் பொத்தி வைப்போம். அத்தான் அப்படி, அக்கா அப்படி, நான் அவர்கள் இரண்டு பேரையும்விட மோசம்.

அன்று காலை வெட்டு பதினொரு மணிக்கு முடியும் என்று அட்டவணையில் போட்டிருந்தது. அதற்கு முந்திய நாலு நாளும் வெட்டுக் குறைவாக இருந்ததால் எஞ்சின் ஓடவில்லை. பத்தே முக்காலுக்குச் சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்தது. அத்தான் சாவியை எடுத்துக்கொண்டு எழும்பினார். நான் அக்காவின் கட்டிலில் இருந்து அவருடைய தலையை வாரிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கால் மணித்தியாலம்தானே அத்தான். கரண்ட் வந்திடும். டீசலை மிச்சம் பிடியுங்கோ," என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்காவும் ஓம் என்று தலையாட்டினார். அத்தான் திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

பதினொரு மணிக்குக் கரண்ட் வரவில்லை. சிலிண்டரும் முடிந்துவிட்டது. அத்தான் முற்றத்துக்கு ஓடினார். நாலு நாள் சும்மா கிடந்த எஞ்சின் இரண்டு தரம் முனகிவிட்டு நின்றது, பற்றரி இறங்கிப்போயிருந்தது. லொறியைத் தள்ளி ஸ்ராட் பண்ணலாம், சீமெந்தில் இருக்கும் எஞ்சினை எப்படித் தள்ளுவது? பக்கத்து வீட்டு லான்ட்மாஸ்ரர் உழவு மெஷினின் பற்றரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். உள்ளே அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. நான் விசிறியால் விசிறினேன். வேறு எனக்கு என்ன தெரியும்? எஞ்சின் பிடித்து, வீடு அதிர்ந்து, மெஷின் ஓடத் தொடங்கியபோது அந்தப் பிடி தளர்ந்திருந்தது. அத்தான் கையெல்லாம் எண்ணெயோடு வந்து, குழாயை அக்காவின் மூக்கில் சரியாக வைத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். அரை மணித்தியாலம் போயிருக்கும். நான் சொல்லித்தான் எஞ்சினை நிற்பாட்டினார்.

மகன் விமானம் கிடைத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குத்தான் வந்து சேர்ந்தான். கொட்டிலுக்குள் போய்ப் பரல்களைத் தட்டிப் பார்த்திருக்கிறான். ஒன்று இன்னும் திறக்கப்படவே இல்லை. சொந்தக்காரர் எல்லாரும் இருந்த விறாந்தையில் வந்து நின்று கேட்டான்.

"டீசல் இருந்ததுதானே அப்பா. ஏன் முதலே ஸ்ராட் பண்ணேல்லை?"

நான் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றேன். அத்தான் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"நான்தான் மிச்சம் பிடிச்சனான், தம்பி," என்றார்.

நான் வாய் திறந்திருக்க வேண்டும். தேத்தண்ணியை எல்லாருக்கும் கொடுத்தேன். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அதையும் பொத்தி வைத்தேன்.

அதற்குப் பிறகு மகன் தகப்பனோடு கதைக்கவில்லை. அத்தான் எஞ்சினைப் பழைய இரும்புக்குக் கொடுத்தார், டீசலைத் தோட்டக்காரருக்குக் கொடுத்தார். வேலிப் பொட்டால் நான் கொண்டுபோகும் சோற்றைச் சாப்பிட்டார். அன்றைய காலையைப் பற்றி ஒரு சொல் அவர் என்னிடம் சொன்னதில்லை. போன வருடம் அவரும் போய்விட்டார். மகன் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தவறாமல் எனக்குப் போன் எடுப்பான். சாப்பிட்டீங்களோ, மருந்து எடுத்தீங்களோ என்று கேட்பான். போனகிழமையும் எடுத்தான். "அம்மாவைக் கடைசிவரைக்கும் வடிவாப் பாத்தது நீங்கள் ஒராள்தான், சின்னம்மா," என்றான்.

ஓம் தம்பி என்றேன்.